உஷார்! ஆறு வாரத்தில் ஓட்ட ஷூவைக் கட்டாதீர்கள்

பிரசவமாகி ஆறாவது வாரம். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் உங்களையும் பார்க்கிறார். தையல் ஆறியிருக்கிறது, உதிரப்போக்கு நின்றிருக்கிறது, கர்ப்பப்பை சுருங்கிப் பழைய அளவுக்கு வந்திருக்கிறது. "எல்லாம் நல்லா இருக்கும்மா, இனிமே வழக்கம்போல இருக்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறார். இந்த ஒரு வரியை நம்பி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பெசன்ட் நகர் கடற்கரைக்கும் கோவை ரேஸ் கோர்ஸுக்கும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும் இளம் தாய்மார்களை நிறையப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீரென்கிறது.

தயவுசெய்து நில்லுங்கள். டாக்டர் சொன்னதில் தப்பில்லை. எழுந்து நடமாடலாம், வீட்டு வேலையைப் பார்க்கலாம், வண்டி ஓட்டலாம் என்றுதான் சொன்னார். 5 கிலோமீட்டர் ஓடலாம் என்று அவர் சொல்லவும் இல்லை, அதற்கான சோதனை எதையும் செய்யவும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலான இடங்களில் ஆறாவது வாரப் பரிசோதனை என்பது குழந்தையின் ஊசி, தாயின் தையல், கருத்தடைக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்று கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. இடுப்புத்தளத் தசைக்கு எவ்வளவு பலம் திரும்பியிருக்கிறது, வயிற்றுத் தசை ஒன்று சேர்ந்துவிட்டதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. நீங்களும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொன்னதும் இல்லை.

2019-ல் பிரிட்டனில் டாம் கூம், கிரான்யா டானெலி, எம்மா பிராக்வெல் என்ற மூன்று பிசியோதெரபிஸ்ட்டுகள் சேர்ந்து, பிரசவத்துக்குப் பின் ஓட்டத்துக்குத் திரும்புவது பற்றி ஒரு வழிகாட்டியை வெளியிட்டார்கள். அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து அவர்கள் சொன்னது இதுதான்: எந்தப் பிரசவமாக இருந்தாலும் முதல் மூன்று மாதம் ஓட்டம் வேண்டாம். மூன்று மாதம் முடிந்த பிறகும், தசைகளின் பலத்தைச் சோதித்துப் பார்த்து, கோளாறு அறிகுறி ஏதும் இல்லையென்றால் மட்டுமே ஆரம்பிக்க வேண்டும். ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் நடுவே உள்ள அந்த ஆறு வாரத்தில்தான் நம் பெண்கள் பலர் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் அவ்வளவு நாள்? இடுப்பெலும்பின் முன்பக்கத்திலிருந்து பின்னால் வால் எலும்புவரை, தூளி கட்டினாற்போல் ஒரு தசைக்கூட்டம் தொங்குகிறது. இதைத்தான் இடுப்புத்தளத் தசைகள் என்கிறார்கள். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அடியிலிருந்து தாங்குவது அதுதான். பத்து மாதமும் பிள்ளையின் பாரத்தை ஏந்திய அந்தத் தசைகளில் சில பகுதிகள், சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில், தம் இயல்பான நீளத்தைப்போல் மூன்று மடங்கு வரை இழுபடுகின்றன. அப்படி இழுபட்டது மறுபடி இறுகி நிற்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். வெளித்தையல் ஆறிய வேகத்தில் உள்ளே இருப்பது ஆறாது.

இப்போது ஓட்டத்தின் கணக்கைப் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு முறை கால் தரையைத் தொடும்போதும், உடல் எடையைப்போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டரை மடங்கு வரையான விசை கீழிருந்து மேலே ஏறுகிறது. உங்கள் எடை 60 கிலோ என்றால் 90 முதல் 150 கிலோ. நிமிடத்துக்கு 160 அடி வீதம் 40 நிமிடம் ஓடி 5 கிலோமீட்டரை முடித்தால், அந்த அடி 6,400 தடவை விழுகிறது. நடக்கும்போது இந்த விசை உடல் எடையை ஒட்டியேதான் இருக்கும். அதனால்தான் நடப்பதை முதல் வாரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், ஓட்டத்துக்கு மட்டும் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், ஓடிய அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. சொல்லப்போனால் அன்றைக்கு உடம்பு லேசாக இருக்கும், மனசு தெளிவாக இருக்கும். கோளாறு வாரக்கணக்கில் மெதுவாகக் கூடி வரும். வந்த பிறகும் அதை வெளியே சொல்ல வாய் வராது.

எங்கள் பகுதி ஓட்டக் குழுவுக்கு வரும் ஒரு பெண்ணைச் சொல்கிறேன். குழந்தைக்கு ஐந்து மாதம். எப்போதும் கறுப்பு லெக்கிங்ஸில்தான் வருவாள். மற்றவர்கள் கிளம்பும் முன் தண்ணீர் குடிப்பார்கள், அவள் பாட்டிலைத் திறக்கவே மாட்டாள். வீட்டிலேயே பாத்ரூம் போய்விட்டு வந்தவள், ஓட்டம் ஆரம்பிக்கும் முன் கடற்கரைக் கழிப்பறைக்கு மறுபடி ஒருமுறை ஓடுவாள். இரண்டாவது கிலோமீட்டர் வந்ததும் ஓரமாக ஒதுங்கி, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டுவாள். தும்மல் வந்தால் கால் இரண்டையும் பின்னிக்கொண்டு நின்றுவிடுவாள். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தானேக்கா? கொழந்த பெத்தா கொஞ்சம் லீக் ஆகத்தானே செய்யும்? பேட் வெச்சுக்கறேன்" என்றாள், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை. படித்த பெண், ஐ.டி. கம்பெனியில் பெரிய வேலை, மருத்துவக் காப்பீடு இருக்கிறது. இத்தனை இருந்தும், தன் உடம்பு போடும் அபாயக் கூச்சலைத் தாய்மையின் விலை என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்கள் இந்த ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும்தான். மூத்திரம் கசிவது பிள்ளை பெற்ற பலருக்கு நடப்பது உண்மை. பலருக்கு நடக்கிறது என்பதற்காக அதைப் பொறுத்துக்கொண்டு ஓடலாம் என்று அர்த்தமில்லை. அது அந்தத் தூளி இன்னும் தாங்கவில்லை என்பதன் முதல் அடையாளம். பெரும்பாலோருக்கு முறையான பயிற்சியில் நன்றாகக் குறையக்கூடியது, பலருக்குச் சரியாகியே விடும். கவனிக்காமல் மேலே மேலே ஓடினால், பாட்டிமார் அடியிறக்கம் என்று குசுகுசுவென்று பேசிக்கொள்வார்களே, அந்த இடத்துக்குக்கூடக் கொண்டு போய் விடலாம். கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழே சரிவது அது. முப்பது வயதில் யாருக்கும் அது வரக் கூடாது.

ஓடும்போதோ ஓடிய அன்று மாலையோ கீழ்ப்பகுதியில் பாரமாக இருக்கிறதா, ஏதோ கீழே இறங்குவதுபோல் இழுக்கிறதா, சிறுநீரோ காற்றோ மலமோ அடக்க முடியாமல் போகிறதா, நின்ற உதிரம் மறுபடி பட ஆரம்பித்திருக்கிறதா, இடுப்பின் முன் எலும்பிலோ முதுகடியிலோ வலி வந்து மறுநாளும் போகாமல் நிற்கிறதா, தாம்பத்தியத்தில் வலி இருக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். மகப்பேறு மருத்துவரிடம் இதே வார்த்தைகளில், வெட்கப்படாமல் சொல்லுங்கள். இடுப்புத்தளத்துக்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் இருக்கிறார்கள். அனுப்பி வைக்கும்படி நீங்களே கேளுங்கள்.

"எனக்கு ஆபரேஷன்தானே, கீழே ஒண்ணும் கிழியலையே" என்று சிசேரியன் ஆனவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். இந்த நிம்மதிதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 100-க்கு 45 சிசேரியன். இந்திய அளவில் 100-க்கு 21 அல்லது 22-தான். ஆக, நம் மாநிலத்தில் ஓடக் கிளம்பும் புதுத் தாய்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வயிற்றில் பெரிய அறுவை நடந்தவர்கள். தோலையும் அதன் அடியில் ஒவ்வோர் அடுக்கையும் கடந்து கர்ப்பப்பைவரை வெட்டித் தைத்திருக்கிறார்கள். வயிற்றுத் தசைகளைப் போர்த்தியிருக்கும் உறை ஆறு வாரத்தில் பழைய பலத்தில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். ஆறேழு மாதம் ஆன பிறகும் முழுப் பலம் வந்திருக்காது. மேலே தோல் வெள்ளைக் கோடாக ஆறிவிட்டதால் உள்ளே ஆறிவிட்டதென்று நம்பாதீர்கள். பத்து மாதம் பாரம் சுமந்தது இவர்களுடைய இடுப்புத்தளமும்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

வயிற்றுத் தசையை நீங்களே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் விழுந்தாலோ, நடுவில் மேடு எழும்பினாலோ, இருபக்கத் தசையும் இன்னும் சேரவில்லை. ஓடுவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். நம் வீடுகளில் பழைய வேட்டியையோ புடவையையோ கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். கடையில் விற்கும் பெல்ட்டும் அதே வேலைதான். படுத்திருக்கும்போதும் மெதுவாக நடக்கும்போதும் இதமாகக் கட்டிக்கொள்வதில் குறை சொல்ல மாட்டேன். மூச்சு முட்ட இறுக்கிக்கொண்டு ஓடினால் மட்டும் வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம் போக வழியில்லாமல் நேரே கீழே இறங்கும். அங்கேதான் தாங்க ஆள் இல்லை.

பெரியவர்கள் சொன்னதில் எதைக் கேட்பது, எதை விடுவது என்பதையும் பேசிவிடலாம். "பச்ச ஒடம்புடி, குதிக்காத" என்று அம்மா சொன்னால் அம்மா சொல்வதுதான் சரி. விஞ்ஞானம் இன்று சொல்வதை அவர்கள் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். ஆனால் "தண்ணி நெறைய குடிக்காத, வயிறு போட்டுடும், கொழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்கிறார்களே, அதைக் கேட்காதீர்கள். தாகத்தை அடக்கிக்கொண்டு பால் கொடுத்துவிட்டு, சென்னைப் புழுக்கத்தில் வியர்க்க வியர்க்க ஓடினால் மயங்கி விழ வேண்டியதுதான். கையில் குழந்தை இருக்கும் நேரத்தில் அந்த மயக்கம் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

பத்தியச் சாப்பாடும் அப்படித்தான். பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப் புட்டு எல்லாம் நல்லது, தாராளமாகச் சாப்பிடலாம். ரசம் சாதமும் சுட்ட அப்பளமும் மட்டும் போட்டு நாற்பது நாள் ஓட்டும் வீடுகளைத்தான் சொல்கிறேன். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அடுத்த ஆறு மாதத்துக்கு 520. இதன் மேல் 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் இன்னும் சுமார் 300 கலோரி செலவு. மொத்தம் 900. பலர் ஓடுவதே எடை குறையத்தான் என்பதால், இதைச் சாப்பிட்டு ஈடுகட்டாமல், இருக்கிற சாப்பாட்டையும் குறைக்கிறார்கள். காலை டிபனைத் தவிர்ப்பது, ராத்திரி வெறும் சாலட், எட்டு மணிக்கு மேல் வாய் திறக்காமல் விரதம். அந்தப் பற்றாக்குறையை உடம்பு எங்கிருந்து எடுக்கும்? பால் குறையும், முடி கொட்டும், எதற்கெடுத்தாலும் அழுகை வரும். கடைசியில் எலும்பில் கை வைக்கும்.

பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பின் அடர்த்தி தானாகவே 3 முதல் 5 சதவீதம் குறைகிறது. குழந்தைக்குப் பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். ஆனால் குறைந்திருக்கும் அந்த நேரத்தில், சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், தார்ச் சாலையில் தினமும் ஓடினால் எலும்பில் மயிரிழைக் கீறல் விழலாம்.

பவுலா ராட்கிளிஃபைத் தெரியாத மாரத்தான் ஓட்டக்காரர்கள் கிடையாது. 2003-ல் லண்டனில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 விநாடி பதினாறு வருடம் உலக சாதனையாக இருந்தது. 2007 ஜனவரியில் அவருக்கு மகள் பிறந்தாள், அதே வருடம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றார். அந்த வெற்றியை ஓட்டக் குழுக்களில் எல்லோரும் சொல்லிச் சொல்லி உற்சாகப்படுத்துகிறார்கள். நடுவில் நடந்ததை யாரும் சொல்வதில்லை. பிரசவமான இரண்டு வாரத்துக்குள் அவர் ஓட ஆரம்பித்தார். முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திரிக எலும்பில் கீறல் விழுந்தது. வலியோடு மாதக்கணக்கில் பயிற்சியை நிறுத்த வேண்டி வந்தது. உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் சுற்றி இருந்த ஒரு வீராங்கனைக்கே இந்தக் கதி. நமக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவும் இன்ஸ்டாகிராமும்தான்.

ரத்தசோகையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே குடும்ப நல ஆய்வு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தம் போன பிறகு நிலைமை எப்படி இருக்கும்? பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தினமும் இரும்புச்சத்து மாத்திரை போட வேண்டும் என்பது அரசுத் திட்டம். குழந்தை கைக்கு வந்ததும் மாத்திரையை மறந்துவிடுவதுதான் நம் வழக்கம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் "ஸ்டாமினா போயிடுச்சு, ஓடினா வந்துடும்" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பிரசவத்துக்குப் பின் அது தடம் மாறுவது உண்டு.

மூச்சு வாங்குவதைப் பற்றிச் சொல்லும்போது இதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு வாரத்தில் ரத்தம் உறைந்து கட்டும் அபாயம் அதிகம், பன்னிரண்டாவது வாரம்வரை அது கொஞ்சம் நீடிக்கும். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நீவ வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸுக்கு 2017 செப்டம்பரில் சிசேரியன் நடந்த மறுநாள் மூச்சு முட்டியது. தனக்கு முன்பே ரத்தக்கட்டி வந்திருந்ததால் அவர் அதைப் புரிந்துகொண்டு, ஸ்கேன் எடுக்கும்படி தானே வற்புறுத்தினார். நுரையீரலில் ரத்தக்கட்டிகள் இருந்தன. அவர் வற்புறுத்தியதால்தான் தப்பித்தார். அரிதாகச் சிலருக்குப் பிரசவமான முதல் ஐந்து மாதத்துக்குள் இதயத் தசை தளர்ந்து போகும். படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். தாங்க முடியாத தலைவலியும் பார்வை மங்கலும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்த அழுத்தத்தால் வரலாம். இவை எதையும் ஓடி ஓடிச் சரி செய்ய முடியாது.

இனி தூக்கத்துக்கு வருகிறேன். ராத்திரி ஒரு மணிக்குப் பால், மூன்றரைக்குப் பால், நடுவில் துணி மாற்றல். ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஓடுகிறீர்கள். ஆறரைக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டால் அன்றைய ஓட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. துண்டு துண்டாக நான்கு மணி நேரம் தூங்கிய உடம்பு ஓட்டத்தில் பட்ட சேதத்தைச் சரிசெய்யாது. அடி தவறும், எதிரே வரும் தண்ணீர் லாரி கண்ணில் படாது. ராத்திரி குழந்தை தூங்கவே விடவில்லையென்றால் காலையில் ஓடக் கூடாது. இதில் பேரம் பேச இடமே இல்லை.

ஆனால் தூக்கத்தை விட்டால் பிள்ளை பெற்றவளுக்கு வேறு நேரம் எங்கே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதை நான் வீட்டில் இருக்கும் மற்றவர்களிடம் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு எழுந்து 21 கிலோமீட்டர் லாங் ரன் போய்விட்டு ஒன்பது மணிக்கு வந்து இட்லி சாப்பிட்டுத் தூங்கும் கணவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய மனைவி அரை மணி நேரம் நடந்துவிட்டு வருகிறேன் என்றால் "பிள்ளைய யாரு பாத்துக்கறது?" என்ற கேள்வி எழுகிறது. ஐயா, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குழந்தைக்குப் பசியாற்றிவிட்டு உங்கள் மடியில் கொடுத்துவிட்டுப் போகட்டும். மாமியார், நாத்தனார், அம்மா எல்லோருக்கும் இதேதான் என் வேண்டுகோள். அவள் ஊர் சுற்றப் போகவில்லை. நாள் முழுக்கப் பிறருக்காகவே இருக்கும் ஒருத்திக்கு அந்த அரை மணிதான் தன் உடம்பு தன்னுடையது என்று தெரியும் நேரம். ஓட்டமும் நடையும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன. அதனால்தான் ஓடவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஓடாவிட்டால் மனசு வெடித்துவிடும்போல் இருக்கிறது, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, இரண்டு வாரமாக அழுகை நிற்கவில்லை என்றால் ஓட்டம் மட்டும் போதாது. மருத்துவ உதவி வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2017 சட்டத் திருத்தப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் மகப்பேறு விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். விடுப்பு முடிந்து ஆபீஸ் போகும் அதே வாரத்தில் ஓட்டத்தையும் ஆரம்பித்துவிடலாம் என்று பலர் திட்டம் போடுகிறார்கள். அந்த வாரம் வேண்டவே வேண்டாம். பால் பீய்ச்சி வைப்பது, குழந்தையைப் பிரிவது, பேருந்து நெரிசல் என்று உடம்பும் மனசும் ஏற்கெனவே திணறும் வாரம் அது. விடுப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மெதுவாகத் தொடங்கிப் பழகிவிடுங்கள், இல்லையென்றால் வேலைக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் தொடங்குங்கள்.

சரி, எப்படித்தான் திரும்புவது? முதல் இரண்டு வாரம் படுத்தபடியே மூச்சுப் பயிற்சி, இடுப்புத்தளத் தசைகளை மெல்ல இறுக்கி விடுவது, வீட்டுக்குள் நடை. அதற்குப் பிறகு நடையைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனை முடிந்ததும், ஓட்டத்துக்குப் பதிலாகப் பலப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. ஆயத்தம் ஆகிவிட்டீர்களா என்று பன்னிரண்டு வாரம் முடிந்த பின் சோதித்துப் பாருங்கள். அரை மணி நேரம் வேகமாக நடக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் 10 விநாடி ஆடாமல் நிற்க முடிகிறதா, ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவதைப் பக்கத்துக்கு 10 தடவை செய்ய முடிகிறதா, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓட முடிகிறதா, ஒவ்வொரு காலிலும் 10 தடவை நொண்டி அடிக்க முடிகிறதா? வலி, பாரம், கசிவு எதுவுமே இல்லாமல் அத்தனையும் முடிந்தால்தான் சாலைக்கு வரலாம். ஒன்றில் தடுமாறினாலும் இன்னும் சில வாரம் பலப் பயிற்சிதான்.

சாலைக்கு வந்த பிறகும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பியுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைப் பற்றி மாதக்கணக்கில் நினைக்கவே வேண்டாம். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் பழைய கணக்கைத் திறந்து பார்க்காதீர்கள். கர்ப்ப காலத்தில் பாதம் நீண்டு தட்டையாவது உண்டு, ஆகவே பழைய ஷூ கடித்தால் புதிது வாங்குங்கள். கிளம்பும் முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனால் மார்பு கனக்காது. மார்பைப் பிதுக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா போட்டால் பால் கட்டிக் காய்ச்சல் வரலாம், அளவு பார்த்து வாங்குங்கள். ஓடினால் பால் புளித்துவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். மிதமான ஓட்டத்தால் பால் கெடுவதில்லை. குழந்தையை நெஞ்சில் கட்டிக்கொண்டு மட்டும் ஒருபோதும் ஓடாதீர்கள், அதன் கழுத்து தாங்காது. ஓடுவதற்கென்றே செய்த தள்ளுவண்டியாக இருந்தாலும் ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் அதுவும். வேகத்தடையும் பள்ளமுமான நம் தெருக்களில் இன்னும் தள்ளிப்போடுவதே நல்லது.

காத்திருந்தால் எல்லாம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் கென்யாவின் ஃபெயித் கிப்யேகோனைப் பாருங்கள். 2016 ஒலிம்பிக்கில் 1500 மீட்டரில் தங்கம் வாங்கியவர். 2018 ஜூனில் மகள் பிறந்தாள். அந்த வருடம் அவர் போட்டிக்கே வரவில்லை. 2019-ல் திரும்பி வந்து தோஹா உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் தங்கம், 2024-ல் பாரிஸில் மறுபடி தங்கம். 1500 மீட்டர் உலக சாதனையும் தாயான பிறகு வந்ததுதான்.

ஓட்டக் குழு நடத்துகிற கோச்சுகளே, உங்களுக்கும் பொறுப்பு உண்டு. புதிதாக ஒரு பெண் சேர வந்தால் ஷூ அளவையும் பழைய டைமிங்கையும் கேட்கிறீர்கள். கடைசியாகப் பிரசவம் எப்போது, சுகப்பிரசவமா, ஆபரேஷனா, கசிவோ பாரமோ இருக்கிறதா என்று விண்ணப்பத்தில் நான்கு வரி சேர்த்துவிடுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் குழுவில் இருக்கும் மூத்த பெண் ஒருவர் கேட்கட்டும். "நூறு நாள் சவால்", "பிரசவத்துக்குப் பின் பத்துக் கிலோ" என்று போஸ்டர் ஒட்டி, பச்சை உடம்புக்காரிகளை இழுக்காதீர்கள்.

சென்னை மாரத்தான் ஜனவரியில் வருகிறது. போன வருடம் வாங்கிய மெடல் சுவரில் தொங்குவதைப் பார்த்து, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பெயர் கொடுத்திருக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. போட்டி நாளில் உங்கள் குழந்தைக்கு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது என்றால், இந்த வருடம் ஓட்ட எண் அட்டையை (பிப்) வாங்காதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பன்னிரண்டு வாரம் ஆகிவிட்டதா, கசிவோ பாரமோ இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினால், நிறுத்தி இதையே அவளிடமும் கேளுங்கள்.